ஊருக்குப் போகுமுன்



அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்தவர்கள், வேலை ஓய்வு பெறும்போது தோட்டத்து வீட்டையும் விட வேண்டியிருக்கிறது. கையில் சேமநிதிப் பணம் கொஞ்சம் இருக்கும். "ஊருக்குப் போய்ச் சில காலம் இருந்து வரலாமே" என்ற எண்ணம் அப்போது எழுவது இயற்கை. ஊர் என்பது அப்பாவோ தாத்தாவோ கப்பலேறி வந்த தமிழ்நாட்டுக் கிராமம். ஆனால் ஒரு மாதம் போய் வருவது வேறு. ஓராண்டு, ஈராண்டு தங்குவது வேறு. அந்த வேறுபாட்டை இன்று பார்ப்போம்.

மாலை வேளையில் பெரியவர்கள் சிலர் தாள்களோடு எங்கள் பள்ளிக்கு வருவதுண்டு. ஒருவர் ஐந்தாண்டு சுற்றுலா விசாவைக் காட்டி, "அஞ்சு வருசம் அங்கேயே இருக்கலாம்தானே, வாத்தியாரே?" என்று கேட்டார். இருக்க முடியாது. விசாவில் இரண்டு கணக்கு உண்டு. ஐந்தாண்டு என்பது அது செல்லுபடியாகும் காலம். அதற்குள் பலமுறை போய் வரலாம். ஒரு முறை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது தனிக் கணக்கு. ஆரம்பப் பள்ளி ஆறாண்டு என்பதற்காக ஒரே வகுப்பில் ஆறாண்டு உட்கார முடியுமா? அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டிவரும்.

தாய்லாந்து, 50 வயது கடந்தவர்களுக்கு ஓய்வுக்கால விசா தருகிறது. அதற்கு 8 இலட்சம் பாட் வங்கியிலோ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். நம் மலேசியாவும் 2002 முதல் 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' என்னும் திட்டத்தால் வசதியுள்ள வெளிநாட்டினரை அழைக்கிறது. இந்தியாவில் ஓய்வு பெற்றோருக்கென்று தனி விசா இல்லை. நமக்குள்ள வழி, நம் வம்சாவளியே.

இந்திய வம்சாவளியினருக்கு 'நுழைவு விசா' என ஒன்று உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் நீண்ட நாள் தங்கப் போகிறவர், போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இன்னொன்று ஓ.சி.ஐ. அட்டை. இது 2005இல் நடைமுறைக்கு வந்தது. முன்பிருந்த பி.ஐ.ஓ. அட்டை 2015இல் இதனோடு இணைக்கப்பட்டது. இது வாழ்நாள் விசா போன்றது; எத்தனை நாள் தங்கினாலும் பதிய வேண்டியதில்லை. ஆனால் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இது இந்தியக் குடியுரிமை அன்று, வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. அதனால் உறவினர் பெயரில் வயல் வாங்கலாம் என்று சேமநிதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்திரம் யார் பெயரிலோ நிலம் அவருடையது.

இந்த அட்டைக்கு, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கும், நாம் அவர் வழி வந்தவர் என்பதற்கும் சான்று வேண்டும். தாத்தாவின் பழைய இந்தியக் கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் போன்றவை உதவும். ஒரு தாளில் முனியாண்டி, இன்னொன்றில் முனியன் என்று கிராணி எழுதியிருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிப்பது நம் பொறுப்பாகிறது. ஆகவே, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய தாள்களை எரித்துவிடாதீர்கள்.

போவதற்கான வழி இது. திரும்பி வருவதற்கான வழி இதைவிட முக்கியம்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர் நிரந்தர வாசிகள், குடிமக்கள் அல்லர். நாட்டைவிட்டுப் புறப்படுமுன் குடிநுழைவுத் துறையில் மறுநுழைவு அனுமதி பெற வேண்டும். அது காலாவதியாகும்வரை ஊரிலேயே இருந்துவிட்டால், நிரந்தர வசிப்புத் தகுதியே கேள்விக்குறியாகிவிடும்.

நீல அட்டைக்காரர்களும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பதிவு செய்து குடியுரிமை பெற்றவர்களில் பலருக்கும், இயல்புரிமையாக்கத்தால் பெற்றவர்களுக்கும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு பொருந்தும். தொடர்ந்து ஐந்தாண்டு வெளிநாட்டில் வசித்து, குடியுரிமையை வைத்துக்கொள்ளும் எண்ணத்தை ஆண்டுதோறும் மலேசியத் தூதரகத்தில் பதியாமல் விட்டால், அரசாங்கம் அக்குடியுரிமையைப் பறிக்க இடமுண்டு. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், இந்தியக் கடப்பிதழுக்கு ஆசைப்படுவதும் ஆபத்து.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்நாட்டை விட்டுப் போனார்கள். தலைமுறைகளாக உழைத்த தோட்டத்தில் ஒரு தாள் இல்லாததால் அந்நியரானார்கள். அன்று அது அவர்கள்மேல் வந்து விழுந்தது. இன்று நாமே தேடிக்கொள்ளக் கூடாது.

ஆகவே, புறப்படுமுன் மூன்றைக் கேட்டுத் தெளியுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை நாள் தங்கலாம்? என் அடையாள அட்டை எந்த வகை? திரும்பிவர எந்தத் தாள் எந்தத் தேதிவரை செல்லும்? தரகரிடம் கேட்காமல், கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்திலும் நம் குடிநுழைவுத் துறையிலும் கேளுங்கள். விதிகள் மாறக்கூடியவை. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள்.

குலதெய்வத்தைக் கும்பிட்டு, சொந்தபந்தங்களோடு மகிழ்ந்திருந்து வாருங்கள். ஆனால், பேரப்பிள்ளைகள் இருக்கும் இந்த மண்ணுக்குத் திரும்பும் கதவு திறந்தே இருக்கட்டும்.