ஒரே பறவை, இரண்டு கறி

கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டி, மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் ஒரு துகள் முடுக்கி இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் வொல்ஃப்காங் பனோஃப்ஸ்கி. எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற வேலைக்கு நடுவே, ஒரு வான்கோழி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்றும் அவர் கணக்குப் போட்டார். பவுண்டுக்கு அரை மணி நேரம் என்ற வழக்கமான கணக்கு அவருக்கு ஒப்பவில்லை.

அவருடைய சூத்திரம் எளிமையானது. பறவையின் எடையைப் பவுண்டில் எடுத்துக்கொண்டு, அதன் கனமூலத்தை வர்க்கப்படுத்தி, 1.5ஆல் வகுத்தால் மணிக்கணக்கு வந்துவிடும். ஓவனின் சூடு 163 டிகிரி செல்சியஸ். 8 பவுண்டு வான்கோழி என்றால் கனமூலம் 2, வர்க்கம் 4, ஆக 2 மணி 40 நிமிடம். 27 பவுண்டு என்றால் கனமூலம் 3, வர்க்கம் 9, ஆக 6 மணி நேரம். எடை மூன்று மடங்குக்கு மேல் கூடியும் நேரம் இரண்டேகால் மடங்குதான் கூடுகிறது. அரை மணிக் கணக்கை நம்பியிருந்தால் அந்தப் பெரிய பறவை பதின்மூன்றரை மணி நேரம் ஓவனில் கிடந்திருக்கும்.

காரணம், வெப்பம் கறிக்குள் ஊர்ந்துதான் போகும். போக வேண்டிய ஆழம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும். ஆழம் இரட்டிப்பாக எடையோ எட்டு மடங்காக வேண்டும். ஆகவே சமையல்காரர் பார்க்க வேண்டியது தராசை அல்ல, கறியின் பருமனை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வான்கோழி சமைக்கும் அத்தனை முறைகளையும் எடைபோட்டுவிடலாம்.

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை, நன்றி சொல்லும் திருநாளான தேங்க்ஸ்கிவிங். 1941ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாளை நிலைப்படுத்தியது. அன்று ஒரு நாளைக்கு நாலரைக் கோடி வான்கோழிகள் சாப்பாட்டு மேசைக்கு வருகின்றன என்பது அங்குள்ள வான்கோழி உற்பத்தியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே செய்கிற சமையல் என்பதால் யாருக்கும் கை பழகுவதில்லை. வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981இலிருந்தும், அமெரிக்க வேளாண்மைத் துறை 1985இலிருந்தும், சந்தேகம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தொலைபேசி எண்ணே வைத்திருக்கின்றன. ஒரு சமையலுக்கு அரசாங்கமே உதவி எண் தருகிறதென்றால் சிக்கல் எங்கேயோ ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம்.

சிக்கல் பறவையிலேயே இருக்கிறது. நாள் முழுக்க நடக்கிற கால்களின் தசைக்கு ஆக்சிஜன் இடைவிடாமல் வேண்டும். அதைச் சேமித்துவைக்கும் மயோகுளோபின் நிறைந்திருப்பதால் தொடைக்கறி கறுத்திருக்கிறது. உழைக்கிற தசை என்பதால் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் அதில் ஏராளம். நெஞ்சுத் தசைக்கு வேலை எப்போதாவதுதான். காட்டு வான்கோழி ஆபத்து வந்தால் சட்டென்று எழும்பிக் கொஞ்ச தூரம் பறக்கும், அவ்வளவே. அதனால் நெஞ்சுக்கறி வெளிறியும் மென்மையாகவும் இருக்கிறது. பண்ணைகளில் இன்று வளர்வது அகன்ற நெஞ்சு கொண்ட வெள்ளை இனம். நெஞ்சைப் பெருக்கிப் பெருக்கியே வளர்த்தெடுத்ததால் அதற்குப் பறக்கவும் முடியாது, இயல்பாக இணை சேரவும் முடியாது. செயற்கைக் கருவூட்டலில்தான் வம்சம் ஓடுகிறது. சமையலறைக்கு இதனால் வந்த வினை, சீக்கிரம் வறண்டுபோகிற பாகம்தான் பறவையிலேயே மிகப் பருமனான பாகமும் ஆகிவிட்டது.

நெஞ்சுக்கறி 65 டிகிரி அளவில் சாறோடு இருக்கும். எழுபதைத் தாண்டத் தாண்டப் புரதங்கள் இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். எண்பதில் அது வெறும் நார். தொடைக்கறியோ அறுபத்தைந்தில் ரப்பர் போல இருக்கும். 75இலிருந்து 80 டிகிரிக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி வாயில் வழுக்கும். ஒரே தோலுக்குள் இரண்டு கறி, இரண்டுக்கும் இரண்டு சூடு. ஓவன் ஒன்று, நேரம் ஒன்று. எல்லா முறைகளும் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்ப்பவைதான்.

இதில் கிருமி விவகாரமும் சேர்ந்துகொள்கிறது. வேளாண்மைத் துறை சொல்லும் பாதுகாப்பான உள்சூடு 74 டிகிரி. அந்தச் சூட்டில் சால்மொனெல்லா உடனே சாகும். 2006க்கு முன்பு முழுப் பறவைக்கு 82 டிகிரி வரை கேட்டார்கள். ஒரு தலைமுறையே உலர்ந்த வான்கோழியைத் தின்று வளர்ந்ததற்கு அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. உண்மையில் கிருமியைக் கொல்வது சூடு மட்டுமல்ல, அந்தச் சூட்டில் நிற்கும் நேரமும்தான். 66 டிகிரியில் நாலைந்து நிமிடம் நின்றாலே கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். ஆனால் எத்தனை நிமிடம் நின்றது என்று ஒவ்வொரு வீட்டிலும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால் அரசு ஒரே எண்ணைச் சொல்கிறது. கோழியைக் கழுவாமல் சமைப்பது நம் வீடுகளில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அங்கே அரசே கழுவாதீர்கள் என்கிறது. தண்ணீர் தெறித்துக் கிருமியைத் தொட்டியிலும் மேடையிலும் பரப்புமே தவிரக் கொல்லாது. கொல்வது அடுப்பின் வேலை.

ஓவனில் முழுசாக வாட்டுவதுதான் பழைய முறை. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். 160 டிகிரி ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம்; 100 டிகிரி இட்லிப் பானையைத் திறக்கும்போது வரும் ஆவியில் கை பட்டால் உடனே பொத்துப்போகும். போதாததற்கு, பறவையின் தோல் ஈரமாக இருக்கும்வரை அந்த ஈரம் ஆவியாகித் தோலைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஈரம் வற்றினால்தான் மேற்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டும். ஏறத்தாழ 140 டிகிரியில்தான் மயார் வினை வேகம் பிடிக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் வினை அது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் அதை விவரித்தார். வடிந்த கொழுப்பை அரை மணிக்கொருதரம் கரண்டியால் மொண்டு பறவை மேல் ஊற்றுகிற பழக்கத்தை நான் நம்புவதில்லை. ஊற்றியது தோலைத் தாண்டி உள்ளே போகாது. கதவைத் திறந்து திறந்து மூடுவதில் ஓவனின் சூடு போவதுதான் மிச்சம். வயிற்றுக்குள் ரொட்டித்துண்டும் செலரியும் அடைத்து வாட்டுவது இன்னும் மோசம். நடுவில் கிடக்கும் அந்த அடைப்பு பறவையின் சாற்றை உறிஞ்சியிருக்கும், அதுவும் 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும். அது தொடுவதற்குள் நெஞ்சுக்கறியின் கதை முடிந்திருக்கும்.

பறவையை முழுசாகவே வாட்டித் தீர வேண்டுமானால், சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ ஒரு வழி சொல்கிறார். ஓவனில் வைப்பதற்கு முன் பறவையை வெளியே எடுத்து, நெஞ்சின் மேல் மட்டும் ஐஸ் பொட்டலங்களைக் கட்டிவைப்பது. கால்கள் அறைச் சூட்டுக்கு வரும், நெஞ்சு சில்லென்றே இருக்கும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவரை நாலு அடி பின்னால் நிறுத்துவது போன்ற அந்த யோசனையில் புதுக்கருவி எதுவும் இல்லை, பௌதிகம் மட்டுமே இருக்கிறது.

அதற்கும் முன்னால் பறவை முழுசாக உருகியிருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். பூஜ்ஜியம் டிகிரிப் பனிக்கட்டியை பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக மாற்ற ஆகும் வெப்பத்தில், அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பத்தையும் நாலு டிகிரி ஃப்ரிட்ஜ் காற்றிலிருந்து உறிஞ்ச, ஏழு கிலோ பறவைக்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். புதன்கிழமை இரவு ஃப்ரீசரைத் திறந்தவருக்கு, குளிர்ந்த நீரில் போட்டு அரை மணிக்கொருதரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

உப்பு விஷயத்தில் இருபது ஆண்டுகளாக அமெரிக்கச் சமையல்காரர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, வாளியில் உப்புநீர் கரைத்துப் பறவையை இரவெல்லாம் மூழ்கடிப்பது. உப்பு உள்ளே போய் மையோசின் புரதத்தின் கட்டைத் தளர்த்தும். தளர்ந்த புரதம் சூட்டில் அவ்வளவாகச் சுருங்காது, நீரும் வெளியேறாது. கறி சாறோடுதான் இருக்கும். ஆனால் அந்தச் சாற்றில் ஒரு பகுதி குழாய்த் தண்ணீர் என்பதால் ருசி நீர்த்துப்போகும். தோலும் ஊறிப்போய்ச் சிவக்க மறுக்கும். இன்னொரு கட்சி, வெறும் உப்பைத் தேய்த்து ஃப்ரிட்ஜில் திறந்தபடி வைப்பது. சான் பிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபேயில் ஜூடி ராஜர்ஸ் கோழிக்குச் செய்துவந்ததை, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் ரஸ் பார்சன்ஸ் 2006இல் வான்கோழிக்கு மாற்றி எழுதினார். முதலில் உப்பு கறியின் நீரை வெளியே இழுக்கும், தோல் மேல் முத்து முத்தாக வேர்க்கும். அந்த நீரிலேயே உப்பு கரைந்து, ஓரிரு நாளில் மெல்ல உள்ளே திரும்பிப் போகும். உள்ளே போவது பறவையின் சொந்தச் சாறுதான். தோலும் ஃப்ரிட்ஜ் காற்றில் காகிதமாக உலர்ந்திருக்கும். நான் இரண்டாம் கட்சி. கடையிலேயே உப்புக் கரைசல் ஏற்றி விற்கிற பறவைகளும் உண்டு. உறையைப் படிக்காமல் அவற்றுக்கு மறுபடி உப்புத் தேய்த்தால் வாயில் வைக்க முடியாது.

லூசியானாக்காரர்களுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் கிடையாது. கேஜன் மக்கள் முழு வான்கோழியைக் கொல்லைப்புறத்தில் பெரிய அண்டாவில் கடலை எண்ணெய்க்குள் இறக்கிவிடுகிறார்கள். எண்ணெய் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். 175 டிகிரி எண்ணெயில் பவுண்டுக்கு மூன்றரை நிமிடம், 12 பவுண்டுப் பறவை முக்கால் மணியில் தயார். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடு தாக்குவதால் நெஞ்சு காயும் முன்பே தொடை வெந்துவிடுகிறது. தோல் அப்பளமாக நொறுங்கும். உள்ளிருந்து சீறி வரும் நீராவி எண்ணெயை உள்ளே விடாததால் கறியில் எண்ணெய் ஏறுவதும் கொஞ்சமே. ருசியில் இதை அடித்துக்கொள்ள வேறு முறை இல்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் தேங்க்ஸ்கிவிங் நாளில்தான் அமெரிக்க வீடுகளில் ஆண்டிலேயே மிக அதிகமான சமையல் தீ விபத்துகள் நடக்கின்றன. இந்த எண்ணெய் அண்டாவே வேண்டாம் என்கிறது அந்நாட்டுத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம். உள்ளே பனி உருகாத பறவையை இறக்கினால் நடப்பது இதுதான். எண்ணெயைவிட நீர் கனம், அடிக்குப் போகும். போன மாத்திரத்தில் கொதித்து ஆவியாகும். ஒரு பங்கு நீர் ஏறக்குறைய 1,700 பங்கு ஆவியாக விரியும். விரிகிற ஆவி எண்ணெயை நுரையாகத் தூக்கி விளிம்புக்கு மேல் தள்ளும். வழிந்தது கீழே எரிகிற கேஸ் அடுப்பில் விழும், அண்டா முழுக்கத் தீப்பந்தமாகும். எண்ணெயை அளவுக்கு மீறி நிரப்பினாலும் இதே கதிதான். தேர்ந்த கைகள் முதலில் வெறும் அண்டாவில் பறவையை வைத்து, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, பறவையை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்வார்கள். எண்ணெயின் அளவு அந்தக் கோடு. பிறகு பறவையையும் அண்டாவையும் பொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கற்றதை இங்கே கொல்லைப்புறத்தில் கற்கிறார்கள்.

புகையில் வாட்டுவது நிதானமானவர்களுக்கு. 110, 120 டிகிரியில் பல மணி நேரம். புகையிலுள்ள வாயுக்கள் மயோகுளோபினோடு சேர்ந்து கறியின் ஓரத்தை இளஞ்சிவப்பாக்கும். விருந்தாளிகள் வேகவில்லை என்று தட்டைத் தள்ளிவைப்பார்கள். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் எலும்பைத் தொடாதபடி தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பதே ஒழுங்கு. காற்றில்லாத பையில் அடைத்து வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்திவைக்கும் சூ-வீட் முறையில் நெஞ்சு ஒரு சூட்டில், கால் வேறொரு சூட்டில், கணக்கு பிசகாது. ஆனால் அதற்குப் பறவையை வெட்டியாக வேண்டும்.

வெட்டுவதுதான் அசல் தீர்வு. கனமான கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இரு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, பறவையை நெஞ்சு மேலே இருக்கும்படி திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பு மளுக்கென்று முறியும்வரை உள்ளங்கையால் அழுத்தினால், உருண்டை தட்டையாகிவிடும். பருமன் குறைந்துவிட்டதால் பனோஃப்ஸ்கி கணக்குப்படியே நேரமும் சடாரென்று விழுகிறது. 230 டிகிரி ஓவனில் ஆறு கிலோ பறவைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மறைந்திருந்த தொடைகள் தட்டின் ஓரத்துக்கு வந்து நேரடிச் சூட்டில் கிடக்கும், நெஞ்சைவிடப் பத்து டிகிரி முந்திக்கொள்ளும். தோல் முழுவதும் மேலே பார்த்திருப்பதால் எங்கும் மொறுமொறுப்பு. அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்டு இன்னும் ஒரு படி போய், கால்களைத் தனியாகவும் நெஞ்சைத் தனியாகவும் சமைத்து, பரிமாறும்போது தட்டில் மறுபடி பறவை வடிவில் அடுக்கிவைத்தார்.

அந்த வடிவத்தின் மேல் இவ்வளவு பிடிவாதத்துக்கு ஓவியர் நார்மன் ராக்வெல்லுக்கும் பங்கு உண்டு. 1943இல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வந்த அவருடைய ஓவியத்தில், பாட்டி ஒரு பெரிய முழு வான்கோழியைத் தாம்பாளத்தோடு மேசையில் இறக்குகிறார், சுற்றிலும் முகங்கள். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தட்டையான வான்கோழி ஏதோ லாரியில் அடிபட்டது மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் வான்கோழி பிரியாணி போடுகிற கடைக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. துண்டு போட்டுத்தான் அவர் சமைக்கவே தொடங்குகிறார்.

என்னைக் கேட்டால், இரண்டு நாள் உலர் உப்பு, முதுகெலும்பு நீக்கித் தட்டையாக்கியது, நெஞ்சில் ஒன்று தொடையில் ஒன்று என்று இரண்டு தெர்மாமீட்டர். எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே வெளியே எடுத்து, இருபது நிமிடம் ஆறவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். வெட்டியெடுத்த முதுகெலும்பைக் கழுத்தோடும் வெங்காயத்தோடும் சேர்த்துக் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டால், பறவை வெந்து வருவதற்குள் கிரேவிக்கான சாறு தயாராகிவிடும்.