தேயிலை சுவைத்தறிதல்

தேயிலை சுவைத்தறிதல் என்பது தேயிலையின் தரத்தை அதன் தோற்றம், நிறம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடும் முறை ஆகும். நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. ஏலத்துக்கு முன்னர் தரகு நிறுவனங்களின் சுவைஞர்கள் மாதிரிகளைச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பிட்ட விலையைக் குறிப்பர்.

சுவைக்கும் முறை

மாதிரிகளை ஒப்பிட வேண்டுமெனில் அனைத்தையும் ஒரே வகையில் வடிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் அனைத்துலகச் சீர்தரத்தின்படி 100 மில்லிலீட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை இடப்படும். மூடியுள்ள வெண்பீங்கான் கலத்தில் கொதிநீர் ஊற்றி 6 நிமிடங்கள் ஊற வைத்து, வடிநீரைக் கிண்ணத்தில் இறக்குவர். ஊறிய இலை மூடியின் மீது கவிழ்க்கப்படும்.

சுவைஞர் முதலில் உலர் இலையையும், பின் ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும் நோக்குவார். அதன் பின் கரண்டியால் வடிநீரை ஓசையுடன் வேகமாக உறிஞ்சுவார். இதனால் நீர் நா முழுதும் பரவுவதுடன், மணம் மூக்கின் உட்புறத்தையும் சென்றடைகின்றது. சுவைத்த நீர் விழுங்கப்படாமல் துப்பப்படும்.

சுவையின் வேதியியல்

இலை நொதிக்கும்போது அதிலுள்ள கேட்டச்சின்கள் ஆக்சிசனேற்றம் அடைந்து தியாஃபிளேவின், தியாரூபிகின் ஆகிய சேர்மங்களாகின்றன. முன்னது நாவில் உறைக்கும் துடிப்பையும் (பிரிஸ்க்) பளிச்சென்ற நிறத்தையும் தருகின்றது. பின்னது கருஞ்சிவப்பு நிறத்தையும் திண்மையையும் (பாடி) தருகின்றது. பனிக்காலத்தில் தளிர் மெதுவாக வளர்வதால், அப்போது பறிக்கப்படும் நீலகிரித் தேயிலை மணத்துக்குப் பெயர் பெற்றது.

சேமிப்பு

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார் திராட்சையிலிருந்து செய்யப்படும் உயர்தரச் சிவப்பு வைன், ஏறத்தாழ 12 பாகை செல்சியசில் நிலவறையில் கிடத்தி வைக்கப்பட்டால் பல ஆண்டுகள் முதிர்ந்து சிறக்கும். கறுப்புத் தேயிலை பொதுவாக அவ்வாறு முதிர்வதில்லை. உலர்த்தியிலிருந்து வெளிவரும்போது அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆகும். ஈரம் ஏறினால் துடிப்பு மறைந்து சுவை மந்தமாகும். அயல் மணங்களையும் தேயிலை எளிதில் ஈர்த்துக் கொள்ளும். எனவே வீட்டில் அதனைக் காற்றுப் புகாத கலத்தில், ஒளியும் மசாலாப் பொருட்களும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

சிறு விவசாயிகள்

கோத்தகிரி வட்டத்திலுள்ள கட்டபெட்டு போன்ற ஊர்களில் சிறு விவசாயிகள் தம் பசுந்தேயிலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு வழங்குகின்றனர். நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இன்ட்கோசர்வ் (1965) தலைமை இணையமாக உள்ளது. பலரின் இலையும் ஒன்றாகவே அரைக்கப்படுவதால், சுவைஞரின் கிண்ணத்தில் எந்தத் தோட்டத்தின் இலை என்று பிரித்தறிய இயலாது. இரு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தவரின் உழைப்பும், முற்றிய இலையைப் பறித்தவரின் கவனக்குறைவும் ஒரே வடிநீரில் கலந்துவிடுகின்றன. மூட்டையில் இறுக்கி அடைத்த இலை சூடேறிச் சிவந்தாலும் தரம் குறையும்.

பசுந்தேயிலைக்கான விலை ஏல விலையின் சராசரியைச் சார்ந்து கணக்கிடப்படுகின்றது. ஆகவே சில நொடிகளில் முடியும் சுவைஞரின் மதிப்பீடு, பல குடும்பங்களின் மாத வருமானத்தைத் தொடுகின்றது.