மும்முனை மோட்டார் – 9: காயிலுக்கு எந்தப் பேஸ்?

மாலையில் ஊரே தண்ணீர் பாய்ச்சும் நேரம். ஸ்டார்ட்டர் பெட்டி கடகடவென்று அடித்துக்கொள்ளும். பழி காண்டாக்டர் மேல் விழும். புதிது வாங்கி மாட்டினால் அதுவும் அடிக்கும். குறை பெரும்பாலும் அதில் இல்லை, அதன் காயிலுக்கு வந்து சேரும் வோல்டேஜில் இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பிகளைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதே பெட்டிக்குள் ஓடும் மெல்லிய கம்பிகள்.

காண்டாக்டரைப் பிரித்துப் பார்த்தால், தகடு அடுக்கிய இரண்டு இரும்புத் துண்டுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் காயில். கரண்ட் வந்ததும் மேல் துண்டு இழுபட்டு ஒட்ட, மூன்று பேஸும் மோட்டாருக்குச் சேரும். ஒட்டுகிற முகத்தில் சிறு செம்பு வளையம் பதித்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் பிடி தளராமல் காப்பது அந்த வளையம்தான். அது விண்டுபோனால் பெட்டி இரையத் தொடங்கும்.

சிறிய 9 ஆம்பியர் காண்டாக்டர் ஒன்று இழுக்கும்போது சுமார் 70 வி.ஏ. கேட்கும், ஒட்டிய பிறகு 7 வி.ஏ. போதும். ஒட்டியும் ஒட்டாமலும் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பெரிய கரண்ட் தொடர்ந்து ஓடி காயில் கருகும்.

ஐ.இ.சி. தரவிதிப்படி, காயிலில் குறித்த வோல்டேஜில் 85 சதவீதம் வந்தால் காண்டாக்டர் ஒட்டியாக வேண்டும். 415 வோல்ட் காயிலுக்கு அது 353. ஒட்டிய பிறகு 75 சதவீதத்துக்குக் கீழே, 20 சதவீதத்துக்குள் போவதற்கு முன் ஏதோ ஓரிடத்தில் விட்டுவிடும். கிளம்பும் மோட்டார் முழுச்சுமை கரண்டைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். கேபிள் மெலிதாக இருந்தால் அப்போது வோல்டேஜ் சரியும், காண்டாக்டர் விடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும். பச்சை பட்டனை அழுத்திக் கிளப்பும் ஸ்டார்ட்டர் அத்தோடு நின்றுவிடும். ஆட்டோ சுவிட்சோ மிதவை சுவிட்சோ போட்டிருந்தால் திரும்ப இழுக்கும், திரும்ப விடும். அதுதான் அந்தக் கடகட. மருந்து தடித்த கேபிளும் இறுக்கமான முனைகளும். ஆட்டோவில் நேரத் தாமதமும் வேண்டும்.

காயிலுக்குக் கரண்ட் எடுக்க மூன்று வழிகள் உண்டு. நேராக இரண்டு பேஸிலிருந்து 415 வோல்ட் எடுப்பது தோட்டத்து ஸ்டார்ட்டரின் வழி. ஒரு பேஸும் நியூட்ரலும் சேர்த்து 230 எடுக்கலாம். நியூட்ரல் உறுதியாக இருந்தால்தான் இது சரி. தொழிற்சாலைப் பேனல்களில் 415ஐ 110 ஆக இறக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் ஒரு முனையை எர்த் செய்து, காயிலின் ஒரு முனையை நேராக அங்கே கட்டி, பட்டன்களையெல்லாம் பியூஸ் உள்ள மறுபக்கத்தில் வைப்பார்கள். பட்டன் கம்பி உரசி எர்த் ஆனால் பியூஸ் போகும். மோட்டார் தானாகக் கிளம்பாது.

எந்த வழியானாலும் ஒன்று மறக்கக் கூடாது: மோட்டாருக்கு வேண்டியது மூன்று பேஸ், காயில் பார்ப்பது அதிகபட்சம் இரண்டை மட்டும். பார்க்காத பேஸ் போனால் காண்டாக்டர் அசையாமல் ஒட்டியிருக்கும். மீதி இரண்டு கம்பிகளில் கரண்ட் 1.73 மடங்கு வரை ஏறும். சரி, பார்க்கிற பேஸே போனால்? ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், செத்த கம்பியிலும் தன் வைண்டிங்கிலிருந்து வோல்டேஜை உண்டாக்கித் தரும். அதைக் குடித்தே காயில் ஒட்டியிருக்கலாம். ஆகவே ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வைக்கும் பிரிவெண்டர் வோல்டேஜை மட்டும் பார்ப்பதைவிட, மூன்று கம்பியிலும் கரண்டைப் பார்ப்பது நம்பகமானது.

மூன்றாவது பேஸைச் செயற்கையாக உண்டாக்கும் இடத்தில், காயிலை எந்தப் பேஸில் கட்டுவது என்பதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்கு மும்முனை இணைப்பு கிடைப்பது அரிது. அங்கே சுமையில்லாத ஒரு மோட்டாரை இரண்டு கம்பியில் ஓடவிட்டு, அதன் மூன்றாவது முனையிலிருந்து வோல்டேஜ் எடுத்து லேத்தை ஓட்டுகிறார்கள். ரோட்டரி பேஸ் கன்வெர்ட்டர் என்று அதற்குப் பெயர். அந்த மூன்றாவது முனையின் வோல்டேஜ் சுமையில்லாதபோது ஏறும், சுமை வந்தால் சரியும். காயிலையோ கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரையோ அதில் கட்டினால், லேத் கிளம்பும் நொடியிலேயே காண்டாக்டர் விட்டுவிடலாம். அசல் கம்பி இரண்டிலும்தான் கட்ட வேண்டும்.

ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய, செயற்கை முனைக்கும் அசல் கம்பி ஒவ்வொன்றுக்கும் இடையே கண்டென்சர் போடுவார்கள். வழக்கமான சுமையில் ஓடவிட்டு அளந்துதான் அதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வெறுமனே ஓடும்போது பார்த்த சமன் வேலைக்கு உதவாது.

சமனை அளக்கும் கணக்கு சுலபம். பேஸ்களுக்கிடையே 420, 410, 385 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 405. அதிலிருந்து அதிகம் விலகியது 385, விலகல் 20. 20ஐ 405ஆல் வகுத்தால் 4.9 சதவீதம். அமெரிக்க நெமா விதிப்படி, 1 சதவீதத்தைத் தாண்டினாலே மோட்டாரின் சுமையைக் குறைக்க வேண்டும். 5க்கு மேல் ஓட்டவே கூடாது. காரணம், கரண்டின் ஏற்றத்தாழ்வு வோல்டேஜின் ஏற்றத்தாழ்வைப்போல் 6 முதல் 10 மடங்கு வரை போகும். மல்டிமீட்டரில் சின்னதாகத் தெரிவது கிளாம்ப் மீட்டரில் பெரிதாகத் தெரியும். முதலில் சூடாவது வைண்டிங்.

மோட்டார் ஓடும்போது மூன்று பேஸிலும் வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் அளந்து ஸ்டார்ட்டர் கதவின் உட்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை பெட்டி அடிக்கும்போது, காண்டாக்டர் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமா, முனையை இறுக்கினால் போதுமா என்று அந்த ஆறு எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.

(அடுத்த வாரம்: ஓவர்லோடு ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பது?)