டிக்கெட்டுகளின் எண்ணிக்கையும் நோயாளரின் எண்ணிக்கையும்

கல்முனைப் பகுதியில் வருடத்துக்கு எத்தனை பேருக்குப் பாரிசவாதம் வருகிறது என்று கேட்டால், "ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தப் பதிவு எப்படி உருவாகிறது என்று பார்த்தால், பதில் அவ்வளவு இலகுவானதல்ல என்பது விளங்கும்.

நோயாளி வாட்டில் அனுமதிக்கப்பட்டதும் அவருக்கென்று ஒரு டிக்கெட் எழுதப்படுகிறது. அவர் வெளியேறும்போது வைத்தியர் அதில் நோயின் பெயரை எழுதுவார். பின்னர் அது பதிவறைக்குச் செல்லும். அங்கே அந்தப் பெயருக்குரிய ஐ.சி.டி.–10 என்ற சர்வதேசக் குறியீடு இடப்படும். அரசாங்க வைத்தியசாலைகள் இவற்றைத் தொகுத்து சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு அனுப்புகின்றன.

இங்கே எண்ணப்படுவது ஆட்களல்ல, வெளியேற்றங்கள். சாய்ந்தமருதில் ஒரு மூத்தம்மா சுபஹுக்கு எழும்பும்போது வாய் கோணி, வலக்கை தூக்க முடியாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பக்கத்திலுள்ள சிறிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. இடமாற்றமும் ஒரு வெளியேற்றமே. ஆகவே மூத்தம்மா ஒருவர்தான், டிக்கெட்டோ மூன்று.

அடுத்தது குறியீட்டின் சிக்கல். மூளையில் இரத்தம் கசிந்தால் ஐ61, இரத்தக்குழாய் அடைபட்டால் ஐ63, எதுவென்று குறிப்பிடப்படாவிட்டால் ஐ64. நோயாளியைப் பார்த்து மட்டும் இவற்றை உறுதியாகப் பிரித்தறிய முடியாது; சீ.ரீ. ஸ்கேன் வேண்டும். டிக்கெட்டில் வெறுமனே "ஸ்ட்ரோக்" என்றிருந்தால் பதிவறை உத்தியோகத்தர் ஐ64 போடுவதைத் தவிர வேறென்ன செய்வார்? "ஒரு பக்கம் செயலிழப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது நரம்பு நோய்களின் பக்கத்துக்கே போய்விடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓர் ஊருக்குப் புதிதாக ஸ்கேன் இயந்திரம் வந்தால் ஐ64 குறைந்து ஐ63 கூடும். நோய் மாறியிருக்காது, பெயர்தான் மாறியிருக்கும். ஆனால் அட்டவணையை மட்டும் பார்ப்பவர், அடைப்பு நோய் திடீரெனப் பெருகிவிட்டதாக நினைப்பார்.

பதிவுக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். தனியார் வைத்தியசாலையில் தங்கியவர், வெளிநோயாளர் பிரிவில் மருந்தெடுத்துத் திரும்பியவர், பரிகாரியாரிடம் எண்ணெய் பூசிக்கொண்டவர் ஆகியோர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். வீட்டிலேயே மௌத்தாகி அன்றே ஜனாஸா அடக்கப்பட்டவருக்கு ஆஸ்பத்திரி டிக்கெட்டே இருக்காது.

இதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் பாரிசவாதக் கணக்கெடுப்பை மூன்று படிகளாகப் பிரித்தது: ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டோர், வெளியே மரணித்தோர், வெளியே இருந்து பிழைத்தோர். 2005இல் திருவனந்தபுரத்தில் ஆறு மாதங்கள் நடந்த பதிவில், ஆஸ்பத்திரிக்கு வராதவர்களையும் தேடினார்கள். நமது நாட்டில், கொழும்பில் மக்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 10 பேர் பாரிசவாதம் வந்தவர்கள் எனக் கண்டது. வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கும் இவர்களை வாட்டு டிக்கெட்டுகளைக் கொண்டு எண்ண முடியாது.

அப்படியானால் ஆஸ்பத்திரிப் பதிவு வீணா? இல்லை என்பதே என் எண்ணம். செலவில்லாமல், நாடு முழுவதிலிருந்தும், வருடாவருடம் கிடைக்கும் தரவு வேறெது? நூறு இருநூறு டிக்கெட்டுகளை எடுத்து ஒரு வைத்தியர் மறுபடி வாசித்து, போட்ட குறியீடு சரிதானா என்று ஒப்பிட்டால், பிழை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பார்த்தால் மூன்று டிக்கெட்டுகளும் ஒரே மூத்தம்மாவுடையவை என்பதும் புலப்படும். எத்தனை கட்டில், எத்தனை இயன்மருத்துவர் வேண்டும் என்று திட்டமிடுவோர் கையில் இருப்பதும் இந்த எண்கள்தானே.

வீட்டாரின் வாக்கும் அந்த டிக்கெட்டில்தான் எழுதப்படுகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். நித்திரையில் வந்திருந்தால், கண்விழித்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நலமாகக் கண்ட நேரத்திலிருந்தே அது கணக்கிடப்படும். "சுபஹுக்குத்தான் கண்டோம்" என்பதோடு நிறுத்தாமல், "இஷா தொழுதுவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கும்போது நல்லாத்தான் இருந்தா" என்றும் சொல்லவேண்டும். பழைய கிளினிக் கொப்பியும் முன்னைய ஆஸ்பத்திரி தந்த காட்டும் கையில் இருந்தால், இது புதிய பாரிசவாதமா பழையதன் தொடர்ச்சியா என்பதையும் வைத்தியர் எழுதிவிடுவார்.