மட்டக்களப்பில் கேம் கொம்பியூட்டர்: அன்றும் இன்றும்

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை வந்தது. அதற்கு முன் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு சாமான் வருவதென்றால் வெலிக்கந்தையிலும் புனானையிலும் இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்ற வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு டோர்ச் பற்றறி கொண்டுபோவதற்கே தடை இருந்த காலம். அந்தக் கெடுபிடி தளர்ந்த பிறகுதான் நகரத்திலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வீட்டுக்கென்று கொம்பியூட்டர் பூட்டுகிற பழக்கம் மெல்லப் பரவியது. 2004 மார்கழியில் சுனாமி அடித்துப்போன பிறகு தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் நகரம் முழுக்க முளைத்தன. மெஷின் திருத்தத் தெரிந்த பொடியன்மாருக்கு அதனால் கைநிறைய வேலையும் வந்தது.

வீட்டில் சொன்ன காரணம் படிப்பு. பிள்ளையின் மனதில் இருந்தது வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற கேம்கள்.

எந்தப் பாகம் எதோடு பொருந்தும் என்று வாங்குகிறவர் யோசித்ததே இல்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் அந்தக் கிழமை கையிருப்பில் என்ன இருந்ததோ அதைப் பூட்டுகிறவர் பஸ்ஸில் கொண்டுவருவார். தெரிவு அவருடையது. பழுதானால் பொறுப்பும் அவருடையதுதான். சந்தியில் கண்டால் பிடித்துக் கேட்கலாம்.

அன்று பொருந்தாத சாமான் பெரும்பாலும் உள்ளே போகவே மறுக்கும். எஸ்டிரேம் வகை ரேமுக்கு 168 பின், அடியில் இரண்டு வெட்டு. டிடிஆருக்கு 184 பின், ஒரு வெட்டு. ஒன்றின் பள்ளத்தில் மற்றது இறங்காது. ஏஜிபி விஜிஏ காட்டிலும் அப்படித்தான்: 3.3 வோல்ட் காட்டுக்கு வெட்டு ஓரிடம், 1.5 வோல்ட் காட்டுக்கு வேறிடம். மதர்போட்டைக் கண்ணால் பார்த்தே கைபழகியவர் சொல்லிவிடுவார். 2004 அளவில் ஏஜிபி போய் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோதும், பென்டியம் 4 இன் 478 பின் சொக்கெட் போய் 775 வந்தபோதும் பழைய போட்டை வைத்திருந்தவர்களுக்குச் செலவுதான். ஆனால் எது பொருந்தாது என்பதில் மயக்கம் இருக்கவில்லை.

இன்று சாமானுக்குக் குறைவில்லை. முற்பகல் பணம் அனுப்பினால் ஓரிரு நாளில் கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மண்முனைத்துறையில் மிதவைப் பாதையில் ஏறி வாவியைக் கடந்த கொக்கட்டிச்சோலைக்காரருக்கு 2014 இல் பாலம் வந்தது. பெரும்போக அறுவடைக் காசில் தகப்பன் வாங்கிக்கொடுக்கும் மெஷின் இப்போது படுவான்கரையிலும் உண்டு. ஆனால் 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதும், 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதும் புதுச் சாமானை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. அதனால் இங்கே கேம் கொம்பியூட்டர் என்றால் பெரும்பாலும் யூஸ்ட் சாமான்தான். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த டெல், எச்பி பெட்டிகள். யாரோ கழற்றி விற்ற விஜிஏ காட்கள். இவற்றில் பொருத்தமின்மை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் இன்றைய சிக்கல்.

அதிகம் விலைப்படுகிற அந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் ஒல்லிக் கேசிங்கையே எடுத்துக்கொள்வோம். நான்காம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம், மலிவு. மூடியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். விஜிஏ காட் போடும் இடம் சாதாரணக் காட்டின் பாதி உயரம்தான். பவர் சப்ளை ஏறக்குறைய 255 வாட். அதிலிருந்து விஜிஏ காட்டுக்கென்று தனி வயர் எதுவும் வராது. சரி, பவர் சப்ளையை மாற்றுவோம் என்றால் போட்டில் வழமையான 24 பின் இணைப்பு இல்லை. டெல்லின் சொந்த 8 பின். கடையில் விற்கும் பெரிய பவர் சப்ளை அந்தக் கேசிங்குக்குள் அடங்கவும் மாட்டாது. ஆகவே சொருகுமிடம் தருகிற 75 வாட்டுக்குள் அடங்கும் அரை உயரக் காட் மட்டுமே வழி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, அல்லது தனி வயர் கேட்காத 1650. இந்த இரண்டும் அரை உயரத்தில் அரிதாகத்தான் வருகின்றன. அரிதென்பதால் விலையும் கூட. பெட்டியில் மிச்சம்பிடித்த காசு காட்டில் போய்விடுகிறது. பெட்டி வாங்குவதென்றால் உயரமான டவர் கேசிங்காக வாங்குங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான்.

ஆர்எக்ஸ் 6400 அரை உயரத்திலும் வருகிறது, 53 வாட்தான் இழுக்கும் என்று சிலர் அதை வாங்குகிறார்கள். அந்தக் காட் சொருகுமிடத்தின் பதினாறு தரவுப் பாதையில் நான்கை மட்டும் பயன்படுத்தும். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள போட்டில் அது போதும். பழைய ஆப்டிபிளெக்ஸில் இருப்பது அதிகபட்சம் மூன்றாம் தலைமுறை. அதில் அந்த நான்கு பாதையின் வேகம் பாதிதான். காட் ஓடும், படமும் வரும், கேம் மட்டும் தடக்கித் தடக்கிப் போகும். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் ஏமாந்ததாக உணரமாட்டார். கேம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இன்டெல்லின் 1151 சொக்கெட் இதைவிட மோசம். ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் அதுதான்; எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே பின் எண்ணிக்கை. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர் பழைய எச்110 போட்டில் அழகாக உட்காரும். இயங்காது. ரைசனிலும் ஒரு பொறி உண்டு. பி450 போட்டும் ரைசன் 5 5600 உம் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் போட்டின் பயோஸ் பழையதாக இருந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். அந்தப் பிராசசருக்குள் கிராஃபிக்ஸும் இல்லை, தனிக் காட் இல்லாமல் எப்படியும் படம் வராது. "எல்லாம் புதுசுதானே மனே, ஏன் படம் வருதில்ல?" என்று கேட்கிற தகப்பனுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசான காரியமில்லை. தனிக் காட்டுக்குக் காசு இல்லாதவர் 5600ஜி எடுப்பது நல்லது. அதிலும் பதினாறு ஜிபியை ஒரே ரேமாகப் போடாமல் எட்டு எட்டாக இரண்டு போட வேண்டும். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் ரேமின் வேகத்தில்தான் வாழ்கிறது.

பெயரே ஏமாற்றும் சாமானும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுவது நின்றதும் அதற்காக இரவு பகலாக ஓடிய விஜிஏ காட்கள் உலகச் சந்தையில் கொட்டின. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் வருவனவற்றில் சில 2048 எஸ்பி வகை. அசல் 580 இல் 2304 கோர். 2048 எஸ்பி உள்ளுக்குள் ஏறத்தாழ ஆர்எக்ஸ் 570. பெட்டியின் ஓரத்தில் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள், பெட்டி இல்லாமல் விற்றால் அதுவும் தெரியாது.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையில் கோபம் வரும். மேலே 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்து லேபலில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். 18 அம்பியர் என்று போட்டிருந்தால் 12 ஐ 18 ஆல் பெருக்குங்கள். 216 வாட். பிராசசரும் விஜிஏ காட்டும் பிரதானமாக இழுப்பது அந்த வரிசையில்தான். ஆர்எக்ஸ் 580 தனியே 185 வாட் கேட்கும். எங்கள் ஊருக்கு ஐப்பசி மின்னல் வேறு. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள கல்லடி போன்ற இடங்களில் உப்புக்காற்று ரேமின் பொன்முலாம் பற்களிலும் படியும். அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் பல நேரம் செத்த மெஷின் எழும்பும். அந்த வைத்தியம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பவர் சப்ளை வெடித்தால் ரேம் தேய்த்துப் பயனில்லை.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 11 இல் வலரண்ட் விளையாட டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி கட்டாயம். அலுவலகங்கள் பழைய பெட்டிகளைக் கழிப்பதற்கு இந்த விண்டோஸ் மாற்றம் இன்னொரு காரணம். விலை இறங்கியது என்று நான்காம் தலைமுறைப் பெட்டியில் கைவைக்க முன் அதை நினையுங்கள்.

முன்பு பூட்டுகிறவரின் தலையில் இருந்த பொறுப்பு இன்று பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் இருக்கிறது. அது நியாயமில்லை. நகரத்தில் யூஸ்ட் சாமான் விற்கிறவர்கள் போட்டின் மொடல், பயோஸ் பதிப்பு, பவர் சப்ளையின் 12 வோல்ட் அம்பியர் மூன்றையும் பில்லில் எழுதித் தரவேண்டும். எழுதித் தரும் வரை, பெற்றோரே, கேசிங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் கேமை அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.