"லேப்-டாப்"புக்கு ஆயுள் எத்தனை வருசம்? ரிச்சி தெரு சொல்லும் கணக்கு

சென்னை-

மாலை 6 மணி. அண்ணா சாலையில் இருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவர்களைக் கவனித்தால் பலர் கையில் ஒரு பை இருக்கும். தோளில் மாட்டிய கறுப்புப் பையாக இருக்கலாம். ஜவுளிக்கடை மஞ்சள் பையாகவும் இருக்கலாம். உள்ளே இருப்பது ஒன்றுதான். ஓடாத "லேப்-டாப்"!

ஆபீஸ் விட்டு மின்சார ரெயிலுக்குப் போகிற வழியில் வந்தவர்கள், மகளின் காலேஜ் "புராஜெக்ட்" பாதியில் நிற்கிறதே என்று பதறி வந்தவர்கள், பில் போட முடியாமல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த வியாபாரிகள்... எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"அண்ணே, வாங்கி அஞ்சு வருசம்தான் ஆகுது. இதைத் தேத்த முடியுமா? இல்லே, புதுசுதான் வாங்கணுமா?"

இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலில்தான் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் நிற்கிறது.

"பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்று திறந்து பார்க்காமலே சொல்லுகிற கடை உண்டு. "இருங்க சார், கழட்டிப் பார்த்துடுவோம்" என்கிற கடையும் உண்டு. முதல் கடைக்காரர் பேச்சைக் கேட்டால் ரூ.40 ஆயிரம், ரூ.50 ஆயிரம் என்று தவணையில் போகும். இரண்டாவது கடையில் சில நூறோ, சில ஆயிரமோ கொடுத்து வேலை முடிந்துவிடலாம்.

அப்படியானால் ஒரு லேப்-டாப்பின் ஆயுள்தான் எத்தனை வருசம்?

சட்டம் சொல்வது 3 ஆண்டு

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 2-வது அட்டவணையில் எந்தப் பொருளுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று போட்டிருக்கிறது. லேப்-டாப்புக்கும், மேஜைக் கம்ப்யூட்டருக்கும் 3 ஆண்டு. பெரிய "சர்வர்"களுக்கு 6 ஆண்டு.

இது தேய்மானக் கணக்குக்காகச் சொன்னது. 3 ஆண்டு முடிந்தால் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெரிதாக மதிப்பு இருக்காது. பல பெரிய கம்பெனிகள் 3, 4 ஆண்டு ஆனதும் மொத்தமாகத் தள்ளிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் இருப்பது மெஷினுக்குத் தெரியாது! தள்ளிவிட்ட அதே லேப்-டாப், தூசி தட்டி, துடைத்து, "செகண்ட்-ஹேண்ட்" கடையில் உட்கார்ந்திருக்கும். இன்னொருவர் வீட்டில் மேலும் 3, 4 வருசம் உழைக்கும்.

வீட்டில் புழங்கும் சாதாரண லேப்-டாப் 4, 5 வருசம் வரும் என்பது பொதுவான கணக்கு. நன்றாக வைத்துக்கொண்டு, தேய்ந்த பாகத்தை அவ்வப்போது மாற்றினால் 7, 8 வருசம்கூட ஓட்டலாம்.

ஏன் என்றால், லேப்-டாப்புக்கு ஒரே வயசு கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு வயசு. சைக்கிளில் டயர் தேய்ந்தால் டயரைத்தானே மாற்றுகிறோம்? சைக்கிளையா தூக்கிப் போடுகிறோம்?

முதல் பலி பேட்டரி

முதலில் மண்டையைப் போடுவது பேட்டரிதான். உள்ளே இருப்பது "லித்தியம்-அயன்" வகை. முழுக்க "சார்ஜ்" ஏற்றி, முழுக்கத் தீர்த்தால் அது ஒரு சுற்று. சாதாரண பேட்டரி 300 முதல் 500 சுற்று வரை ஓடியதும், புதிதில் பிடித்த சார்ஜில் 80 சதவீதம் அளவுக்குத்தான் பிடிக்கும். அப்புறம் மளமளவென்று இறங்கும். தினமும் ஒரு சுற்று ஓட்டினால் ஒன்றரை வருசத்திலேயே இந்த நிலைமை வந்துவிடும்.

பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை பார்த்தால் அடியில் இருக்கும் காற்று வழி அடைபடும். சென்னை வெயிலுக்கு இதுவும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? 24 மணி நேரமும் "பிளக்"கில் சொருகி 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும் ஆயுளைக் குறைக்கும். 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி செய்துகொள்ளும் வசதி பல லேப்-டாப்களில் இருக்கிறது. அதைப் போட்டு வைப்பது நல்லது.

"சார்ஜ் நிக்கலே" என்றால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். லேப்-டாப்பை மாற்ற வேண்டியது இல்லை.

ஆனால் ஒரு விசயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. மூடி சரியாக மூடவில்லை, விரல் தேய்க்கும் "டச்-பேட்" மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே சார்ஜரைப் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகு அதை ஓட்டக் கூடாது. உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ, குத்தினாலோ தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது.

"ஸ்லோ" ஆனால் சாவா?

ரிச்சி தெருவுக்கு வரும் புகார்களில் அடிக்கடி காதில் விழுவது இதுதான். "ஆன் பண்ணிட்டு, டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு சார்!"

பழைய லேப்-டாப்களில் "ஹார்டு டிஸ்க்" இருக்கும். 2011-ம் ஆண்டு முதல் மாணவ, மாணவிகளுக்குத் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த ஆரம்ப கால லேப்-டாப்களிலும் இதுதான். உள்ளே ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 ஆயிரத்து 400 தடவை சுற்றும். அதை ஒட்டி ஒரு நுனி மிதந்துகொண்டே எழுத்தைப் படிக்கும். ஓடும்போது கீழே விழுந்தால் நுனி தட்டில் மோதும். அவ்வளவுதான், கதை முடிந்தது.

இதற்குப் பதிலாக வந்ததுதான் "எஸ்.எஸ்.டி.". இதில் சுற்றுகிற பாகமே கிடையாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால், எழுந்திருக்க சில நிமிடம் எடுத்துக்கொண்ட பழைய லேப்-டாப் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். கூடவே "ராம்" எனப்படும் நினைவகத்தை 4 ஜி.பி.யில் இருந்து 8 ஜி.பி. ஆக்கினால் கிழட்டுக் குதிரையும் ஓடும்.

மெலிசாக வரும் சில மாடல்களில் மட்டும் ராமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அதைக் கூட்ட முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள், "ராம், எஸ்.எஸ்.டி. பின்னாடி மாத்த முடியுமா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி 3 வருச ஆயுளைக் கூட்டிக் கொடுக்கும்.

ராம், எஸ்.எஸ்.டி. இரண்டுமே 2025-ம் ஆண்டு கடைசியில் இருந்து விலை ஏறின. அதனால் 2, 3 கடைகளில் விசாரித்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஹார்டு டிஸ்க்கில் இருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் யோசிக்கவே கூடாது. முதல் வேலையாக போட்டோ, சர்டிபிகேட், கணக்கு எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும்.

தூசியும், டீயும்

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடும். அடியில் தொட்டால் கொதிக்கும். "மதர்போர்டு போச்சு" என்று பயமுறுத்துவார்கள். திறந்து பார்த்தால் காற்றாடியில் பஞ்சு பஞ்சாகத் தூசி! மூளைச் "சிப்"புக்கு மேல் சூட்டைக் கடத்தத் தடவிய பசையும் காய்ந்து போயிருக்கும். தூசி எடுத்து, புதுப் பசை தடவினால் சரியாகிவிடும். இது சில நூறு ரூபாய் வேலை. தூசி அதிகம் உள்ள கடை, கிடங்குகளில் வருசத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது.

இன்னொரு தொல்லை "கீல்" உடைவது. திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவதும், ஒரு கையால் வெடுக்கென்று திறப்பதும்தான் இதற்குக் காரணம். நடு மேல்பகுதியைப் பிடித்து மெதுவாகத் திறந்தால் வருசக்கணக்கில் ஒன்றும் ஆகாது.

டீ, காபி கொட்டிவிட்டால்? உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைக்க வேண்டும். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் பலருக்கு வினையாகிறது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் மதர்போர்டு காலி!

தேதி குறித்து வந்த சாவு

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. லேப்-டாப்பில் ஒரு குறையும் இல்லாமல், தேதி குறித்து வருகிற சாவு ஒன்று இருக்கிறது.

2015-ம் ஆண்டு வந்த "விண்டோஸ்-10"க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் தனி நபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் என்று அறிவித்தது. இதற்கு முன் "விண்டோஸ்-7"க்கும் 2020 ஜனவரி 14-ல் இதே கதிதான்.

"விண்டோஸ்-11 போட்டுக்கலாமே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அதற்கு "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். "இன்டெல்" சிப் என்றால் ஏறக்குறைய 8-வது தலைமுறையாக இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை 2017-ல்தான் வந்தது. அதனால் அதற்கு முன் வாங்கிய லேப்-டாப்புகளில் பெரும்பாலானவை, கல் மாதிரி இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

புதுப்பிப்பு நின்றால் மெஷின் நின்றுவிடாது. ஓடும். ஆனால் பூட்டு பழுதான வீடு மாதிரி. புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அதில் உட்கார்ந்து பாங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. "லினக்ஸ்" என்ற இலவச மென்பொருள். "உபுண்டு", "லினக்ஸ் மின்ட்" என்று பல வகை உண்டு. "சி-டாக்" என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" என்பதும் உண்டு. எழுத, படிக்க, இன்டர்நெட் பார்க்க இது போதும். படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில வருசம் ஓடும். ஆனால் கடைக் கணக்கு எழுதும் சாப்ட்வேர் பலவும் விண்டோசில்தான் ஓடும். வியாபாரிகள் இதை விசாரித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

எப்போது கைகழுவலாம்?

ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ரிப்பேர் செலவு, அதே தரத்தில் இன்னொரு லேப்-டாப் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். பேட்டரி, எஸ்.எஸ்.டி., கீல், கீ-போர்டு என்றால் தாராளமாக ரிப்பேர் செய்யலாம். மதர்போர்டும் போய், திரையும் போய், விண்டோசும் ஏறாது என்றால் விட்டுவிடலாம்.

மதர்போர்டு என்றாலும் உடனே நம்பிவிடக் கூடாது. முழுப் பலகையையும் மாற்றாமல், கெட்டுப்போன ஒரு சின்ன பாகத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து மாற்றுகிற "சிப்-லெவல்" மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ரேடியோ பாகங்கள் விற்ற காலத்தில் இருந்தே ரிச்சி தெருவுக்கு இந்தப் பெயர் உண்டு.

ஏமாறாமல் இருக்க...

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மாடல், சீரியல் நம்பர், ராம் எத்தனை, டிஸ்க் எத்தனை என்று சீட்டில் எழுதி வாங்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். பேட்டரிக்கு பில்லும், வாரண்டியும் இல்லாமல் வாங்கவே கூடாது. பெரிய கம்பெனி பெயரை ஒட்டிய போலிகள் நிறைய.

செகண்ட்-ஹேண்ட் வாங்குகிறவர்கள் பில் இல்லாத "சீப் ரேட்" பக்கமே போகக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில்!

விற்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. "டெலிட்" பண்ணினால் அழிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. திரும்ப எடுத்துவிடுவார்கள். குடும்ப போட்டோ, ஆதார் நகல், பாங்கி விவரம் எல்லாம் யார் கைக்கோ போகும். டிஸ்க்கை முழுக்கத் துடைத்த பிறகோ, கழற்றி வைத்துக்கொண்டோதான் விற்க வேண்டும்.

அடியோடு செத்துப்போன லேப்-டாப்பை பழைய பேப்பர்காரரிடம் போடுவதும் சரியல்ல. செம்புக்காக ஒயரை எரிப்பார்கள். அந்தப் புகை ஊருக்குத்தான் வரும். 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். தயாரித்த கம்பெனிக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இரவு 8 மணிக்கு மேல் ரிச்சி தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதற்குள் சில பைகள் வந்த வழியே சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேசன் பக்கம் திரும்பும்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"ஒண்ணுமில்லே சார். பேட்டரியும், தூசியும்தான். இன்னும் மூணு வருசம் ஓடும், எடுத்துட்டுப் போங்க!"

இந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால், அந்த மாதத் தவணை மிச்சம். ஆகவே, "புதுசு வாங்குங்க" என்று யார் சொன்னாலும், முதலில் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்!