'கரடி கை'யும் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவும்!

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்சபையில் ஓட்டுப் போடும் உரிமையுள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர்? அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் இதுவரை எத்தனை திருத்தங்கள்? 'ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ்' எழுதியவர்களில் ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்...

என்ன பாஸ், டி.என்.பி.எஸ்.சி. மாடல் பேப்பர் மாதிரி இருக்கா? 435, 27, ஜேம்ஸ் மேடிசன். (ஹாமில்டன், ஜான் ஜே என்று சொன்னாலும் மார்க் உண்டு!) அமெரிக்கக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கிறவர்களிடம் இன்டர்வியூவில் கேட்கிற கேள்விகள்தான் இதெல்லாம். கேள்வியும் பதிலும் சேர்த்து அரசாங்கமே வெளியிட்டுவிடுகிறது. அதாவது, அவுட் ஆகவே தேவையில்லாத கொஸ்டின் பேப்பர்! கோனார் நோட்ஸ் தின்று வளர்ந்த நம்ம ஆட்களுக்கு இது ஜுஜுபி.

2023-ம் நிதியாண்டில் மட்டும் 59 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அமெரிக்க சிட்டிசன் ஆனார்கள். மெக்ஸிகோவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். உங்கள் தெருவிலேயே 'பையன் அங்கே செட்டில் ஆயிட்டான்' என்று சொல்லும் ஒரு மாமியாவது இருப்பார். இந்த இன்டர்வியூவில் உண்மையில் யார், எங்கே மாட்டுகிறார்கள் என்று அந்த மாமியிடம் கேட்டுப் பாருங்கள். 435-ல் யாரும் மாட்டுவதில்லை!

முதலில் ரூல்ஸை வேகமாகப் பார்த்துவிடுவோம். கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும். (சிட்டிசனைக் கல்யாணம் பண்ணி, சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு 3.) என்-400 என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஆன்லைன் என்றால் 710 டாலர், பேப்பர் என்றால் 760. கைரேகை முடிந்ததும் இன்டர்வியூ தேதி வரும். அங்கே மூன்று வாக்கியம் காட்டுவார்கள், ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும். மூன்று சொல்வார்கள், ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். அப்புறம் சிவிக்ஸ்.

இந்த சிவிக்ஸ் டெஸ்ட்டின் கதையே தனி. 2008 முதல் 100 கேள்வி கொண்ட பட்டியல். அதில் 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் பாஸ். 2020 டிசம்பரில் அதை 128 கேள்வியாக்கி, 20 கேட்டு 12 சரியாக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். ஆட்சி மாறியதும் 2021-ல் பழையபடி 100. மறுபடி ஆட்சி மாற, 2025 அக்டோபர் 20-ம் தேதி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு மறுபடி 128! நம்ம ஊர் சமச்சீர் பாடப்புத்தகம் மாதிரிதான். 12 சரியாகச் சொன்னதும் நிறுத்திவிடுவார்கள். 9 தப்பு ஆனாலும் நிறுத்திவிடுவார்கள், அது ஃபெயில்.

ஃபெயிலானால்? 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு சான்ஸ். எதில் கோட்டை விட்டோமோ அதை மட்டும் எழுதினால் போதும். நம்ம யுனிவர்சிட்டி அரியர் சிஸ்டத்தைவிட ரொம்ப டீசன்ட்!

ஊருக்குப் போக ஒரு பாஸ்போர்ட்

எங்கள் பெரியம்மாவுக்கு வயசு 62. மாயவரத்துக்காரர். நியூ ஜெர்சி எடிசனில் மகன் வீட்டில் 7 வருஷமாக இருக்கிறார். அவர் ஏன் அமெரிக்க சிட்டிசன் ஆக ஆசைப்பட்டார் தெரியுமா? மாயவரத்தில் நிம்மதியாக இருக்க!

ஜோக் இல்லை. கிரீன் கார்டு என்பது 'இங்கேயே குடியிருக்கிறேன்' என்பதற்கான அட்டை. அதை வைத்துக்கொண்டு ஊரில் வருஷக்கணக்கில் உட்கார முடியாது. ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சிட்டிசன்ஷிப் கணக்கில் கேள்வி வரும். ஒரு வருஷம் தாண்டினால் அந்தக் கணக்கே அறுந்துபோகும். தவிர, 5 வருஷத்தில் மொத்தம் 30 மாதமாவது உடம்பு அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் தேதி பார்த்துத் தேதி பார்த்துத் திரும்பினார். ஒரு தடவை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அடுத்து குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம் என்று இழுத்து, 177-வது நாள் அரக்கப்பரக்க ஃப்ளைட் ஏறினார். சிட்டிசன் ஆகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கொண்டு ஊரில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

'வயசானவங்களுக்கு ஏதோ சலுகை இருக்காமே?' இருக்கிறது. ஆனால் வயசு மட்டும் போதாது. 50 வயசாகி கிரீன் கார்டோடு 20 வருஷம், அல்லது 55 வயசாகி 15 வருஷம் இருந்திருந்தால் ஆங்கில டெஸ்ட் கிடையாது, மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே சிவிக்ஸ் சொல்லலாம். 65 வயசு, 20 வருஷம் என்றால் 20 கேள்விகள் கொண்ட குட்டிப் பட்டியல் மட்டும் படித்தால் போதும். பெரியம்மாவுக்கு 7 வருஷம்தானே? ஆகவே முழு ஆங்கிலம்!

கோச்சிங் எடுத்தது பேத்தி. காலேஜ் முதல் வருஷம். மாமியார் பதத்தில் சொன்னால், 'வாய் ஜாஸ்தி'. முதல் வாரமே பாட்டி 100 கேள்வியையும் கந்த சஷ்டி கவசம் மாதிரி ஒப்பித்துவிட்டார். பேத்தி அசரவில்லை. "பாட்டி, இது ஈஸி பார்ட். இப்ப நான்தான் ஆபீஸர். ஹௌ டிட் யூ கெட் ஹியர் டுடே?" என்றாள். பாட்டி சீரியஸாக, "மை சன் ஸ்பான்ஸர்ட்..." என்று ஆரம்பித்து 7 வருஷக் கதையைச் சொல்ல, "அய்யோ பாட்டி! இன்னிக்கு எதுல வந்தீங்கன்னு கேட்டேன். பை ட்ரெயின்னு சொன்னா முடிஞ்சுது!"

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆபீஸர் வெயிட்டிங் ஹாலில் பேர் சொல்லிக் கூப்பிட்ட நொடியிலேயே ஆங்கிலப் பரீட்சை ஆரம்பம். பேச்சுத் திறமைக்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது. நீங்கள் நிரப்பிக் கொடுத்த என்-400 ஃபாரம்தான் கேள்வித்தாள். வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எங்கே குடியிருந்தாய், எப்போதெல்லாம் வெளிநாடு போனாய், வரி பாக்கி உண்டா, போலீஸ் பிடித்திருக்கிறதா... எல்லாம் உங்கள் சொந்தக் கதை. ஆனால் வார்த்தைகள் வக்கீல் வார்த்தைகள்!

நோ... நோ... நோ... யெஸ்!

அந்த ஃபாரமில் 'நீ எப்போதாவது இதைச் செய்ததுண்டா?' என்று வரிசையாக வரும். இனப்படுகொலை, சித்ரவதை, சட்டவிரோத சூதாட்டம் என்று பயங்கர லிஸ்ட். சாதாரண ஆளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் 'நோ'. கடைசியில் 'அரசியல் சட்டத்தை ஆதரிக்கிறாயா, உறுதிமொழி எடுக்கத் தயாரா' என்று வரும், அதெல்லாம் 'யெஸ்'. இதைக் கண்டுபிடித்த புத்திசாலிகள் 'நோ நோ நோ... யெஸ் யெஸ் யெஸ்' என்று ராகமாக மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ஆபீஸர் வரிசையை மாற்றிக் கேட்டாலோ, 'அப்படின்னா என்ன அர்த்தம்?' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாலோ... போச்சு! கேள்வி புரியவில்லை என்றால் ஆங்கிலத்தில் ஃபெயில். புரியாமல் 'யெஸ்' சொல்லிவிட்டால் அது ஃபெயிலைவிட மோசம்.

பெரியம்மா வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். "ஹேவ் யூ எவர் வோட்டட்?" என்றாள் பேத்தி. பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "யெஸ்! ஐ நெவர் மிஸ் எலெக்‌ஷன்!" என்றார். பேத்திக்கு வியர்த்துவிட்டது. ஃபாரம் கேட்பது அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுப் போட்டாயா என்று. சிட்டிசன் ஆகாமல் அங்கே ஓட்டுப் போட்டால் கிரிமினல் குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகும். பாட்டி சொன்னது மாயவரத்துத் தேர்தல்! அன்றிலிருந்து பதில் மாறியது: "இன் அமெரிக்கா, நோ. இன் இண்டியா, யெஸ்."

அடுத்தது 'பேர் ஆர்ம்ஸ்'. சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் தூக்கத் தயாரா என்று அர்த்தம். பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்து, "கரடிக்கும் கைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டார். 'பரம்பரைப் பட்டம், பிரபு வம்சம் உண்டா?' என்றொரு கேள்வி. அதற்கு அவரே உருவாக்கிய பதில், "நோ கிங் ஃபேமிலி. ஒன்லி ரைஸ் மில் ஃபேமிலி."

இலக்கணம் சுமார்தான். ஆனால் என் கணிப்பில் இந்தப் பதில்தான் சூப்பர். டிக்‌ஷனரி அர்த்தத்தை உருப்போடாமல், தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொல்கிறார் இல்லையா? அதுதான் வேண்டும். தெரியாவிட்டால் "ப்ளீஸ் ரிபீட்" என்று தைரியமாகக் கேட்கலாம். கேள்வியைத் திருப்பிச் சொல்லவும், எளிமையாக மாற்றிக் கேட்கவும் ஆபீஸருக்கு விதிமுறையே இருக்கிறது. நம்ம பெரியவர்கள்தான் மரியாதைக்காகத் தலையாட்டியே மாட்டுகிறார்கள்!

பெரியம்மா 2025 ஜூனில் விண்ணப்பித்ததால் பழைய 100 கேள்விதான். நெவார்க் ஆபீஸில் இன்டர்வியூ. முதல் 6 கேள்விக்கும் சரியான பதில். அதோடு சிவிக்ஸ் முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் பயணத் தேதிகள்தானாம். அந்த 177 நாள் பயணத்துக்கு என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார் ஆபீஸர். "மேரேஜ் அண்ட் டெம்பிள்" என்று சொல்லி பாஸ்போர்ட்டை நீட்டியிருக்கிறார். பாஸ்!

பதினேழரை வயசா? காலண்டரைப் பாருங்க!

இது கேம்பஸ் வயசுக்காரர்களுக்கு. அப்பாவோ அம்மாவோ சிட்டிசன் ஆகும்போது நீங்கள் 18 வயசுக்குள், கிரீன் கார்டோடு, அவர்கள் பராமரிப்பில் அமெரிக்காவில் இருந்தால் நீங்களும் தானாகவே சிட்டிசன். 2000-ல் வந்த சட்டம். டெஸ்ட்டும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை. ஆனால் கணக்கில் வருவது இன்டர்வியூ தேதி அல்ல, அப்பா உறுதிமொழி எடுக்கும் தேதி! இன்டர்வியூவில் பாஸாகி, உறுதிமொழி விழாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் அவ்வளவுதான். அந்தப் பிள்ளை தனியாக என்-400 போட வேண்டும். அப்பாவை 'சீக்கிரம் அப்ளை பண்ணுங்க' என்று நச்சரிக்க இதைவிட நல்ல காரணம் கிடையாது.

உறுதிமொழி அன்று கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நிமிஷமே, 1955-ம் வருஷக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சர்டிஃபிகேட் வாங்கி, அப்புறம்தான் ஓ.சி.ஐ. ஆயுள் முழுக்க ஊருக்கு வந்து போகலாம், தங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. ஓட்டுப் போடவும் முடியாது.

பெரியம்மா பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டார். ஓ.சி.ஐ.க்கும் விண்ணப்பித்துவிட்டார். மாயவரத்து வீட்டு முகவரியில் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரை நீக்குவதற்கான படிவம் 7 மட்டும் பாக்கி. அதையும் பேத்தி பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். "இரு, சாவகாசமா எழுதறேன்" என்று வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார்.